காரணம்: கைபேசி

எங்கள் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று பிடிக்கிறவன் நான். பெட்ரோல் போடுகிற இடத்திலிருந்து இருபதடி தள்ளி, மதிலோரமாக ஒரு தகரக் கூரை. அதற்குக் கீழே ஒரு கம்ப்ரஸர், ஒரு முக்காலி. அந்த முக்காலியில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் அத்தனை பேரும் தெரிவார்கள். எல்லாவற்றையும் பார்க்கிறவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதுதான் இந்த வேலையில் உள்ள ஒரே சுகம். என்னிடம் ஒருமுறை கேட்டார்கள். அப்போது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது பெரியக்காவைப் பற்றியது. அக்காவும் தங்கையும் எங்கள் பங்கில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மூத்தவள் முதலில் சேர்ந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல், ஒண்டிக்கட்டையாக வந்தவள். பத்து வருஷம் கழித்துத் தங்கைக்கும் மேனேஜரிடம் கெஞ்சி வேலை வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒருத்தி பெரியக்கா, ஒருத்தி சின்னக்கா. பெரியக்கா என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் எனக்கும் அவள் பெரியக்காதான். மேனேஜருக்கே அவள் பெரியக்கா என்னும்போது நான் எம்மாத்திரம்?

இருபத்தோரு வருஷம் பெட்ரோல் போட்டவள். தலைக்கு என்ன தேய்த்துக் குளித்தாலும் வாசனை போகாது என்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்களாம். "எனக்கு எப்பவும் சீட்டு நிச்சயம் அண்ணே" என்று சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் தூணில் மாட்டியிருந்த போர்டு விஷயத்தில் மட்டும் அவளிடம் விளையாட முடியாது.

அந்தப் போர்டில் மூன்று படங்கள் இருந்தன: எரிகிற தீக்குச்சி, ஓடுகிற இன்ஜின், கைபேசி. மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. தீக்குச்சியோடு வருகிற பைத்தியக்காரன் வருஷத்துக்கு ஒருவன் வந்தால் அதிகம். கைபேசியோடு வராதவன் எவன்? ஆகவே பெரியக்காவின் முழு ஆத்திரமும் கைபேசிமேல் திரும்பியது. யாராவது காதில் வைத்தால் போதும், நாசிலைக் கையில் எடுக்கவே மாட்டாள். நாசில் என்றால் குழாயின் முனையில் டேங்குக்குள் சொருகுகிறோமே, அந்த மூக்கு. "வெச்சாத்தான் போடுவேன்" என்று இடுப்பில் கைவைத்து நிற்பாள். ஒருமுறை கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷன் பேசிக்கொண்டே இருந்தார். அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, பில் போடுகிற மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். அவர் புகார் கொடுத்தார். கம்பெனியோ அவளுக்குச் சிறந்த பாதுகாப்பு ஊழியர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தது. கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

அவளிடம் இன்னும் பல சாஸ்திரங்கள் இருந்தன. வெயில் காலத்தில் டேங்கை நிறையப் போட்டால் வெடிக்கும். பெட்ரோல் போட்டதும் பைக்கைக் குலுக்கக் கூடாது. பெட்ரோல் வாசனை பிடித்துப்போனால் ரத்தம் குறையும். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொல்றாங்களே என்பாள். நானும் அதையெல்லாம் நம்பியவன்தான், இப்போது பெரிய அறிவாளி மாதிரி எழுதுகிறேன். பிளாஸ்டிக் கேனை வண்டிக்குள் வைத்தபடியே நிரப்பச் சொல்வார்கள், நிரப்புவாள். டேங்கில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே காருக்குள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள். போர்டில் அந்தப் படம் இல்லை.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் தங்கையின் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பாள். "போன் எங்கடி?" "டிராயர்லக்கா." பதினொரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். கூடப்பிறந்தவளையே சந்தேகப்படுகிறாளே என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்றைக்குத் தட்டிப் பார்க்கவில்லை. பஸ் தாமதம், வந்ததும் வராததுமாக இரண்டு பக்கமும் வண்டி வரிசை. சின்னக்காவின் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வீட்டில் புருஷன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் கூடினால் கூப்பிடு என்று அவனிடம் சொல்லிவிட்டு, சின்னக்கா போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். எந்தத் தாயும் செய்வதுதான்.

குளிர் காலம். காற்றில் பொட்டு ஈரம் கிடையாது. உதடு வெடிக்கிற காலை. சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பின்சீட்டில், டேங்க் இருக்கிற பக்கம், அவருடைய அம்மா. மூச்சு முட்டுகிறது என்று அந்த அம்மாள் ஜன்னலை இறக்கி வைத்திருந்தார். சின்னக்கா நாசிலைச் சொருகி, தானாக ஓடும்படி கொக்கியை மாட்டிவிட்டு, மீட்டரைப் பார்த்து நின்றாள். கார்க்காரர் இறங்கினார். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார். பர்ஸை எடுத்துக்கொண்டு சீட்டில் சறுக்கி வெளியே வந்தார். இவ்வளவையும் என் முக்காலியிலிருந்து பார்த்தேன். அப்போது சின்னக்காவின் பையில் போன் அடித்தது. அவள் கையைக்கூட அங்கே கொண்டுபோகவில்லை, பயத்தோடு அக்கா நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். கார்க்காரர், போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே நாசிலைத் தொட்டார்.

டேங்க் வாயில் தீ. பெரிய தீ இல்லை. அடுப்பில் ஒரு பர்னர் எரிகிற அளவுதான் இருக்கும். அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார்.

அடுத்த பம்பிலிருந்து பெரியக்கா ஓடி வந்தாள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் முதலில் கை நாசிலுக்குத்தான் போகும். டேங்க் நிரம்பி வழிந்தால் உருவு, வண்டி நகர்ந்தால் உருவு, சண்டை வந்தால் உருவு. இருபத்தோரு வருஷம் பழகிய கை. அவள் உருவினாள். கொக்கி மாட்டியது மாட்டியபடியே இருந்தது. பெட்ரோல் நிற்கவில்லை, எரிந்துகொண்டே பீறிட்டது. எதிரே நின்ற சின்னக்கா முகத்தை மறைக்க இரண்டு கையையும் தூக்கினாள். மிச்சத் தீ, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் காருக்குள்ளே போனது.

மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். ஒப்புக்குச் சப்பாணியாக வருஷக்கணக்கில் தொங்கிய வாளி. மேலே டீ குடித்துப் போட்ட காகிதக் கோப்பைகள், கீழே மழையில் நனைந்து கல்லாக இறுகிய மணல். கவிழ்த்தால் விழவில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, அழுத்தினால் எல்லாப் பம்பும் நின்றுவிடும். அதற்கு முன்னால் ஆயில் டின்களை அடுக்கியிருந்தார்கள். மேனேஜர் டின்களைத் தள்ளிப் பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆகவேண்டியது ஆகிவிட்டது. ஒரு லாரி டிரைவர் தன் வண்டியிலிருந்து தீயணைப்பான் கொண்டுவந்து அணைத்தார்.

அந்த அம்மாள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சின்னக்காவுக்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டாக்டர்கள் பிரித்தார்கள், அவை மறுபடி மடங்கிக்கொண்டன. பெரியக்காவுக்கு மணிக்கட்டில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

கார்க்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப் போட்ட சின்னக்காவின் முன்னால் நின்று, எங்க அம்மாவைக் கொன்னவ நீதான் என்று அழுதார். அவரும் அந்தப் போன் சத்தத்தைக் கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது. ஆனால் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் காக்கையைத்தான் பார்த்தோம்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கையில் ஒரு படிவம், அதில் காரணம் என்று ஒரு கட்டம். கேமரா படம் கேட்டார். இருந்த ஒரே கேமரா கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியக்காவை உட்காரவைத்துக் கேட்டார். மேனேஜர் முந்தின நாளே, தங்கச்சி வேலை போயிடும், பாத்துப் பேசு என்று ஜாடையாகச் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. உண்மை சொல்லிக் கெட்டவனும் இல்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை என்று வளர்ந்தவள். "என் தங்கச்சி பையில போன் இருந்துச்சு சார். அடிச்சுச்சு. அடிச்சதும் பத்திக்கிச்சு" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். என்னிடம் ஒரே கேள்வி: போன் அடித்ததா? அடிச்சுது சார் என்றேன். கார்க்காரர் ஏறி இறங்கியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நமக்கேன் வம்பு என்று கையெழுத்துப் போட்டேன். கட்டத்தில் கைபேசி என்று எழுதிக்கொண்டு போனார்.

விதியை மீறியது ஊழியர் என்று ஆகிவிட்டதால் சின்னக்காவுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. அதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. தன்னால் ஓர் உயிர் போய்விட்டது என்று நம்பினாள். வெளியே வருவதை விட்டாள். காய்ச்சல் மாத்திரை எங்கே என்று கேட்கத்தான் அன்று புருஷன் கூப்பிட்டானாம். வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்கிறவன், அதற்குப் பிறகு தானாக யாரையும் கூப்பிட்டதில்லை. மகள் சத்தமாகப் பேசினால்கூடச் சின்னக்காவுக்கு உடம்பு தூக்கிப்போடும்.

மூன்று வருஷம் பெரியக்கா தினமும் காலையில் அங்கே போனாள். தங்கைக்குப் பல் தேய்த்துவிட்டு, தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு, அப்புறம்தான் வேலைக்கு வருவாள். நான் ஒருமுறை, உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "அவ கையால சோறு தின்னவ நான் இல்ல அண்ணே. என் கையால தின்னவ அவ. சின்ன வயசுல செஞ்சதுதானே" என்றாள். நடுவில் ஒருநாள் மட்டும் வேறு மாதிரி பேசினாள். தங்கை இரவெல்லாம் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாளாம். "தப்புப் பண்ணினா, தண்டனை வந்துச்சு. நியாயம்தான். ஆனா எத்தனை நாளைக்கு அண்ணே?" என்றாள்.

பிறகு, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, கம்பெனி எங்களுக்குப் பயிற்சி வைத்தது. ஆயில் டின் அறையைக் காலி செய்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டினார்கள். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். சின்ன உருவம், மூக்குக்கண்ணாடி. முதலில் எங்கள் சாஸ்திரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். வெயிலில் நிறைந்த டேங்க் வெடிக்குமா? வெடிக்காது என்றார். குலுக்கினால்? ஒன்றும் ஆகாது. எல்லோரும் சிரித்தோம். போன்?

"பங்க்குல போனால தீப்பிடிச்சதா உறுதியான கேஸ் ஒண்ணுகூட நான் பாத்ததில்ல" என்றார் அவர். "பேசுனா கவனம் சிதறும், அதுக்காக வேண்டாம்னு சொல்லுங்க. தீ வேற இடத்துலேர்ந்து வருது." படத்தைப் போட்டார். எங்கோ ஒரு பங்க். ஒருவர் குழாயைச் சொருகிவிட்டுக் காருக்குள் போய் உட்காருகிறார். சீட்டில் உரசி இறங்குகிறார். நாசிலைத் தொடுகிறார். டேங்க் வாயில் தீ. கம்பளி கழற்றும்போது படபடவென்று பொரியுமே, அதே மின்சாரம்தான் உடம்பில் ஏறுகிறது என்றார். இறங்கினதும் கதவின் இரும்பைத் தொட்டால் போய்விடும், காற்று காய்ந்த நாளில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பெரியக்காவைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. என் பக்கம் குனிந்து, "அப்ப அவ இல்லண்ணே. அவ ஒண்ணும் பண்ணலண்ணே" என்றாள்.

படத்தில் அந்த ஆள் பதறி நாசிலை உருவினார். தீ ஆளுயரத்துக்குச் சுழன்றது. படத்தை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "இங்கதான் கெட்டுது. நாசில் உள்ளேயே இருந்தா வாயில மட்டும்தான் எரியும். தொடாம விலகிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்துனா பெட்ரோல் நின்னுடும், பெரும்பாலும் தீயும் அடங்கிடும். என்ன ஆனாலும் உருவாதீங்க."

பெரியக்கா எழுந்து நின்றாள். ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். "உருவலைன்னா அந்த வயசானவங்க பொழைச்சிருப்பாங்களா சார்?" என்றாள். எந்த வயசானவங்க என்று அவருக்குத் தெரியவில்லை. படத்தில் வயதானவர் யாரும் இல்லையே அம்மா என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றாள். அவர் கோப்பைத் தேடி எடுக்கவே அரைநாள் ஆயிற்று. நானும் என் பங்குக்கு, கார்க்காரர் ஏறி இறங்கியதைப் பார்த்தேன் என்றேன். இப்ப சொல்றீங்களா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். பிறகு அவளிடம், அப்படியென்றால் நீங்கள்தான் குழாயை உருவித் தீயைப் பரப்பினீர்கள் என்று எழுதட்டுமா என்றார். "எழுதுங்க சார்" என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். முடிந்துபோன கோப்பாம், மேலிடத்தில் முத்திரை விழுந்துவிட்டதாம், திறக்க வழி இல்லையாம். போனவங்க போயாச்சு, எதுக்கும்மா வீண் வம்பு என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் தானாக நடந்து வந்து நின்றும், அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

வெளியே வந்ததும், தங்கையிடம் சொல்லப்போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். போன் காரணமில்லை என்பதை மட்டும் சொல், உருவியதைச் சொல்லாதே, நெஞ்சோடு போகட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "பாதி உண்மையைச் சொல்லித்தான் அவளை இங்க கொண்டாந்து விட்டேன்" என்றாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வாங்க என்றாள். போனேன்.

ஒற்றை அறை வீடு. புருஷன் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். சின்னக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடங்கிய கைகளை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், வாங்கண்ணே என்று எழுந்தாள். பெரியக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பளி, சீட்டு, காய்ந்த காற்று, நாசில், பொத்தான், ஒன்று விடாமல். நானும், அவர் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்மா என்று வாசலில் நின்றபடி சொன்னேன்.

சின்னக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப என் போன் இல்லையாக்கா?" என்றாள்.

"இல்லடி."

"நீ உருவாம இருந்திருந்தா?"

இவ்வளவும் ஆகியிருக்காது என்று பெரியக்கா தலையை ஆட்டினாள்.

அழுவாள், திட்டுவாள், அடிக்கவும் செய்வாள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னக்கா அக்காவின் முகத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்:

"மூணு வருஷமா எல்லாம் என்னாலதான்னு இருந்தேன். என்னை நானே மன்னிச்சுக்க இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாப் பழகினேன். இனி உன்னை மன்னிக்கணும்னா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்குத் தெம்பு இல்லக்கா. நீ போ. நாளைக்கு வராதே."

பெரியக்கா வாசலைத் தாண்டினாள். சின்னக்கா கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட அந்தக் கைகளால் முடியாது. விரல் நுனியால் தொட்டால் திறந்துவிடுகிற கதவு அது. பெரியக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். தொடவில்லை.